வழியில் பெல்ட் அறுந்தால்: டெல்டா சாலைகளில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் புதியவர்களுக்கு

நீடாமங்கலத்துக்கும் கொரடாச்சேரிக்கும் இடையே, மாசி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், என்னுடைய பழைய இரண்டு இருக்கைக் காரின் பெல்ட் அறுந்தது. ஈரத்துணியை யாரோ ஓங்கி உதறியதைப் போல ஒரு சத்தம் கேட்டது, உடனே பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது, ஸ்டியரிங் இறுகிப்போயிற்று. எஞ்சின் மட்டும் எதுவும் நடவாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் அறுவடை முடிந்த வயல்கள், ஒதுங்க நிழல் இல்லை. எஞ்சின்தான் ஓடுகிறதே என்று எண்ணிக்கொண்டு, கொரடாச்சேரிக் கடைத்தெருவைப் பிடித்துவிடலாம் என்று சுமார் நான்கு கிலோமீட்டர் ஓட்டினேன். அறுந்த பெல்ட்டின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். அந்த நான்கு கிலோமீட்டருக்கு நான் கொடுத்த விலை, புதிய ஹெட் கேஸ்கெட்டும் (சிலிண்டர் ஹெட்டின் அடியில் வைக்கும் அடைப்பு) சூட்டில் வளைந்த சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து சமப்படுத்திய கூலியுமாகச் சேர்ந்து, அதைப்போலப் பல மடங்கு ஆயிற்று.

நெல் ஆலையும், பழைய டீசல் பம்ப் செட்டும், அறுவடை இயந்திரமும் பெல்ட்டில் ஓடுகிற ஊர் இது. பெல்ட் அறுவது இங்கே யாருக்கும் புதுமை அல்ல. ஆனால் ஆலையில் பெல்ட் அறுந்தால் அரவை அந்த நொடியே நின்றுவிடும். காரில் ஓட்டம் நிற்காது. நிற்காத அந்த எஞ்சினை நீங்களாக நிறுத்துவதுதான் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றிலும் முதன்மையான வேலை.

அறுந்தது எந்தப் பெல்ட்

காரில் பெல்ட் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று, எஞ்சினுக்கு வெளியே, அதன் முதன்மைத் தண்டின் முனையில் உள்ள கிராங்க் புல்லியிலிருந்து புறப்பட்டு, பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றிவரச் செய்யும் வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர், ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் அதன் பம்ப் ஆகியவற்றை வளைந்து வளைந்து சுற்றிவருகிற டிரைவ் பெல்ட். நம் ஊர் மெக்கானிக்குகள் இன்றும் இதை ஃபேன் பெல்ட் என்றே சொல்வார்கள். அம்பாசிடர் காலத்தில் ரேடியேட்டர் விசிறியையும் அதுவே சுழற்றியதால் வந்த பெயர் அது. விசிறி மின்மோட்டாருக்கு மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. மற்றொன்று, எஞ்சினின் மூடிக்குப் பின்னால் இருந்து வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைக் காக்கிற டைமிங் பெல்ட். பல கார்களில் அதன் இடத்தில் சங்கிலி இருக்கும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. டிரைவ் பெல்ட் அறுந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். டைமிங் பெல்ட் அறுந்தால் அந்த நொடியிலேயே அடங்கிவிடும். ஆகவே எஞ்சின் தானாக நின்றிருக்குமானால், ஒரே ஒரு முறை கிளப்பிப் பார்ப்போமே என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, வண்டியை அப்படியே ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டைச் செய்யுங்கள்; பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் அமைப்புள்ள எஞ்சினில், ஒவ்வொரு முறை ஸ்டார்ட்டரை அழுத்துவதும் இன்னும் சில வால்வுகளை வளைப்பதாக முடியக்கூடும். இனி இங்கே பேசப்போவது டிரைவ் பெல்ட்டைப் பற்றி மட்டுமே.

டிரைவ் பெல்ட் போனதும் முதலில் எரிவது பெரும்பாலும் பேட்டரி விளக்காகத்தான் இருக்கும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பேட்டரியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். ஆல்டர்னேட்டர் சுழலவில்லை என்பதே அந்த விளக்கு சொல்லும் செய்தி. ஸ்டியரிங் ஹைட்ராலிக் வகையானால் கூடவே கனக்கும். மின்சார வகையானால் பேட்டரி தாங்கும் வரை கனக்காது. ஏசியில் வரும் காற்று வெதுவெதுப்பாகும். பிரேக்கின் உதவி பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எஞ்சினின் உறிஞ்சுவிசையால் கிடைப்பதால், எஞ்சின் ஓடுகிற வரை பிரேக் வழக்கம்போலவே பிடிக்கும். வெப்பமானியின் முள்ளை நம்பி ஓட்ட வேண்டாம். பல கார்களில் அந்த முள், எஞ்சினின் வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அது மேலே நகரத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். குளிர்விக்கும் நீரான கூலண்ட் கொதித்து வெளியேறிவிட்டால் உணரியைச் சுற்றி நீரே இல்லாமல் முள் கீழே இறங்குவதும் உண்டு.

உங்கள் காரில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவது எது என்பதை இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எடுக்க வேண்டிய முடிவு முழுவதும் இந்த ஒரு தகவலில் அடங்கியிருக்கிறது. நீரால் குளிரும் பெரும்பாலான போர்ஷே 911 வகைகள், பாக்ஸ்டர், கேமன், ஃபோர்ட் மஸ்டாங் வி8 ஆகியவற்றில் டிரைவ் பெல்ட்டே பம்ப்பைச் சுழற்றுகிறது. ஆடி டிடியின் நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் டிரைவ் பெல்ட்டுக்கும் பம்ப்புக்கும் தொடர்பில்லை. பி.எம்.டபிள்யூவின் என்52, என்54, என்55 ஆகிய ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் பம்ப் மின்சாரத்தால் ஓடுகிறது. டிரைவ் பெல்ட்டே பம்ப்பைச் சுழற்றும் முதல் வகையானால் பெல்ட் அறுந்த பிறகு ஓட்டம் என்ற பேச்சே கிடையாது. பம்ப்புக்கு அந்தப் பெல்ட் தேவைப்படாத இரண்டாம் வகையானால், பேட்டரியில் உள்ள மின்சாரத்தைக் கொண்டு பாதுகாப்பான இடம் வரை போகலாம். ஏசி, பாட்டு, இருக்கை விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டால், நல்ல நிலையில் உள்ள 70 ஆம்பியர்-மணி பேட்டரி பகலில் அரை மணி நேரம் வரை தாங்கும் என்று நம்பலாம். ஒரு மணி நேரத்தை நம்பிப் புறப்படாதீர்கள். இரவில் முகப்பு விளக்கும் சேரும்போது கணக்கு இன்னும் சுருங்கும். மேலும், அறுந்த பெல்ட்டின் துண்டு எங்காவது சிக்கியிருக்கலாம் என்பதால், இரண்டாம் வகைக் காரையும் ஒரு முறை நிறுத்திப் பார்த்த பிறகே நகர்த்த வேண்டும்.

முதல் இரண்டு நிமிடங்கள்

சத்தம் கேட்டு விளக்கு எரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். அபாய விளக்குகளைப் போட்டு, இருக்கிற வேகத்திலேயே வண்டியை உருள விட்டு இடப்புறம் ஒதுங்குங்கள். ஸ்டியரிங் கனமாக இருந்தாலும் திரும்பும். இரு கைகளாலும் பிடித்து, ஓட்டம் இருக்கும்போதே திருப்பிவிட வேண்டும், ஏனெனில் நின்ற பிறகு திருப்புவது இன்னும் கடினம். உருண்டுகொண்டிருக்கும்போது சாவியைத் திருகி எஞ்சினை அணைக்கக் கூடாது. பிரேக்கின் உதவி சில மிதிகளில் தீர்ந்துவிடும் என்பதோடு, சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நின்றதும் அணையுங்கள். நின்ற பிறகு ஒரு நொடிகூட ஓட விட வேண்டாம்.

எஞ்சின் சூடானால் ஹீட்டரை முழு வேகத்தில் போடச் சொல்லும் பழைய யோசனை ஒன்று உண்டு. ரேடியேட்டருக்குக் கூலண்ட் போகும் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட் அடைத்துக்கொண்டாலோ ரேடியேட்டர் விசிறி நின்றுவிட்டாலோ அது பலிக்கும். இங்கே பம்ப்பே சுழலவில்லை. சூடான நீர் ஹீட்டருக்கு வந்து சேரப்போவதும் இல்லை. ஆகையால் அதை நம்பி இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டுவது வீண்.

எங்கே ஒதுங்குவது என்பதில்தான் டெல்டா மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. நம் கிளைச்சாலைகள் பெரும்பாலும் வாய்க்கால் கரையை ஒட்டியே போகின்றன. தாரை விட்டு ஓரடி இறங்கினால் களிமண். குறுவைக்கோ சம்பாவுக்கோ தண்ணீர் பாயும் மாதங்களில் அது மேலே காய்ந்தும் உள்ளே குழைந்தும் இருக்கும். தரையிலிருந்து நான்கைந்து அங்குலமே உயரமுள்ள கார் அதில் ஒரு பக்கச் சக்கரத்தை இறக்கினால் அடிப்பகுதி மண்ணில் உட்கார்ந்துவிடும். பிறகு பெல்ட் ஒரு பிரச்சினையாகவே தோன்றாது. ஆகவே கிடைத்தால் ஒரு வீட்டு வாசல், கோயில் முகப்பு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் களம், பெட்ரோல் நிலையம் என்று கெட்டியான தரையாகப் பார்த்து நில்லுங்கள். இவை எதுவும் எட்டும் தூரத்தில் இல்லையென்றால், வளைவு இல்லாத நேர்ச்சாலையில் தாரின் ஓரத்திலேயே நிற்பது மேல்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் சாலை முழுக்க நெல் காயும், வைக்கோல் கிடக்கும். பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடிகளைச் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரங்களை ஏறவிட்டுப் பிரிப்பார்கள். வைக்கோல் மேலோ காய்ந்த உளுந்துச் சக்கை மேலோ சூடான காரை நிறுத்தக் கூடாது. புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கும். தாழ்வான காரில் அதற்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. தீப்பிடிக்க அது போதும்.

எல்லோரும் இறங்கி, சாலையிலிருந்து விலகி நின்ற பிறகு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி, குறைந்தது ஐம்பது அடி வைத்துப் பழகிய பழக்கத்தை விட்டு, ஐம்பது மீட்டராவது தூரத்தில் வையுங்கள். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் வழியான தேசிய நெடுஞ்சாலை 83-இலோ, கும்பகோணம் வழியாகச் செல்லும் 36-இலோ நின்றிருந்தால், நெடுஞ்சாலை உதவிக்கான 1033 எண்ணை அழைக்கலாம். காப்பீட்டோடு வழியுதவிச் சேவையும் எடுத்திருந்தால் அடுத்த அழைப்பு அவர்களுக்கு. அழைக்கும்போதே கார் தாழ்வானது, படுக்கைத்தளம் கொண்ட ரெக்கவரி லாரிதான் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டி வந்து நிற்கும், அதைத் திருப்பி அனுப்பி மற்றொன்றுக்காகக் காத்திருக்க நேரும்.

ஆறும் வரை

ரேடியேட்டர் மூடியையோ கூலண்ட் தொட்டியின் மூடியையோ சூட்டோடு திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் நூறு டிகிரிக்கு மேலும் நீராகவே இருக்கும். மூடி தளர்ந்த நொடியில் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறட்டும். அதற்குள் பக்கத்து வயலில் இருந்தோ டீக்கடையில் இருந்தோ நான்கு பேர் நல்லெண்ணத்தோடு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவார்கள். அதை எஞ்சின் மேல் ஊற்ற விடாதீர்கள். சூடான அலுமினியம் திடீரெனக் குளிர்ந்தால் வெடிப்பு விழலாம். தொட்டியில் ஊற்றுவதென்றாலும் ஆறிய பிறகு, குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உவர்ப்பான ஆழ்குழாய் நீர் குளிர்விப்பு அமைப்புக்கு நல்லதல்ல.

நல்லெண்ணத்தின் இரண்டாவது வடிவம் டிராக்டர். கயிற்றைக் கட்டி இழுத்துவிடுகிறேன் தம்பி என்று ஒருவர் நிச்சயம் முன்வருவார். நன்றி சொல்லி மறுப்பது கடினம்தான், ஆனாலும் மறுக்க வேண்டும். கயிற்றை அவர் சஸ்பென்ஷன் கையில்தான் கட்டுவார். ஸ்போர்ட்ஸ் காரில் அது பெரும்பாலும் அலுமினியம், இழுவைக்கு ஏற்றதல்ல. ஆபத்தான இடத்திலிருந்து இருபது மீட்டர் நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், கருவிப் பையில் உள்ள இழுவைக் கொக்கியை பம்பரில் அதற்கென உள்ள துளையில் திருகி, அதில் கட்டுங்கள். சில ஐரோப்பிய கார்களில் அந்தக் கொக்கி இடதுபுரி கொண்டது. வழக்கமான திசையில் எவ்வளவு திருகினாலும் ஏறாது. ஆட்டோமேட்டிக் கியரோ நான்கு சக்கர இயக்கமோ உள்ள கார்களைச் சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்தால் கியர்பாக்ஸ் கெடும்.

மூன்றாவதாக ஒருவர், துண்டையோ நைலான் கயிற்றையோ பெல்ட்டுக்குப் பதிலாகக் கட்டி ஊர் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்வார். அது உண்மையாகவே இருக்கலாம். ஒற்றை வி வடிவப் பள்ளம் கொண்ட பழைய புல்லிகளில் அப்படி ஏதோ சிறிது தூரம் போக முடிந்தது. நீளவாக்கில் ஓடும் ஆறேழு மெல்லிய வரிகளும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த டென்ஷனரும், பெல்ட்டின் முதுகில் உருளும் புல்லிகளும் உள்ள இன்றைய அமைப்பில் முடிச்சுப்போட்ட எதுவும் ஒரு சுற்றுகூட நிற்காது.

எஞ்சின் ஆறியதும், சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, எட்டுகிற இடமாயிருந்தால் அறுந்த பெல்ட்டின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுங்கள். இது வெறும் சுத்தம் செய்யும் வேலை அல்ல. துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் முழுப் பெல்ட்டும் கைக்கு வந்ததா என்று தெரியும். நான் மேலே சொன்ன என்54, என்55 எஞ்சின்களில், நார்நாராகப் பிரிந்த பெல்ட் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, முன்பக்க ஆயில் சீல் வழியாக எஞ்சினுக்குள்ளேயே இழுக்கப்பட்ட நிகழ்வுகள் நன்கு அறியப்பட்டவை. அப்படிப்பட்ட எஞ்சினில் ஒரு சாண் பெல்ட் குறைந்தாலும், அது எங்கே என்று கண்டுபிடிக்காமல் மறுபடி கிளப்பக் கூடாது.

பெல்ட் இருக்கும் இடம் எல்லாக் காரிலும் பானெட்டுக்கு அடியில் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 911-இல் அது வண்டியின் பின்கோடியில் இருக்கிறது. பாக்ஸ்டர், கேமன் போன்ற நடு எஞ்சின் கார்களிலோ, இருக்கைகளை முன்னுக்குத் தள்ளி, பின்னால் உள்ள விரிப்பையும் தடுப்புத் தகட்டையும் கழற்றினால்தான் கண்ணில் படும். அத்தகைய கார் வைத்திருப்பவர்கள் சாலையோரத்தில் எதையும் திறக்காமல் காத்திருப்பதே நல்லது.

அறுத்தது எது

புதிய பெல்ட்டை வாங்கி மாட்டி, இரண்டே நாளில் அதுவும் அறுந்து, பெல்ட் தரமில்லை என்று குறைசொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே அப்படிச் சொன்னவன்தான். பெல்ட் தானாக வயதாகி அறுவதைவிட, அது சுற்றிவரும் புல்லிகளில் ஏதோ ஒன்று அறுப்பது அதிகம். என் காரில் நடந்தது அதுதான். அதற்கு ஓர் ஆண்டுக்கு முன் ஒரு பணிமனையில் பெல்ட்டை மட்டும் மாற்றி, சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஐட்லர் புல்லியை (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டுமே சுழலும் புல்லி) அப்படியே விட்டிருந்தார்கள். பேரிங் இறுகி, புல்லி நின்று, நின்ற புல்லியின் மேல் பெல்ட் தேய்ந்து உருகிற்று.

ஆகவே பெல்ட் இல்லாத அந்த நேரத்தை வீணாக்காமல், ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பாருங்கள். நல்ல புல்லி சத்தமில்லாமல் சுழன்று, ஓரிரு சுற்றில் மெதுவாக நிற்கும். மணல் அரைபடுவது போன்ற உணர்வோ, பக்கவாட்டு ஆட்டமோ, அல்லது தட்டிவிட்டால் பம்பரமாக வெகுநேரம் சுழல்வதோ இருந்தால் பேரிங்கில் கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று பொருள். சில ஆல்டர்னேட்டர் புல்லிகள் ஒரு திசையில் மட்டும் தனியாகச் சுழலும்படி செய்யப்பட்டவை. மறுதிசையில் பிடித்துக்கொள்வதைக் கண்டு பயப்பட வேண்டாம். வாட்டர் பம்ப்பின் அடியில் காய்ந்த கூலண்ட் கறை தெரிந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

புல்லிகள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்பது அடுத்த சோதனை. இதற்கு லேசர் கருவிகள் விற்கிறார்கள். ஆனால் கும்பகோணத்தில் நெல் ஆலை ஒன்றில் நாற்பது ஆண்டு பெல்ட் பூட்டிய ஒரு பெரியவர், ஒரு புல்லியின் முகத்தில் நூலை வைத்து அடுத்த புல்லி வரை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் விளிம்புக்கும் இடையே ஒளி தெரிகிறதா என்று பார்த்ததை ஒரு நாள் எனக்குக் காட்டினார். அதன் பிறகு நான் லேசர் கருவி வாங்கவில்லை. இரண்டு புல்லிகளின் முகமும் சமமாக அமைந்த இடங்களில் மட்டும் இந்த முறை செல்லும். மற்ற இடங்களில் பள்ளத்துக்குப் பள்ளம் பார்க்க வேண்டும்.

இவை தவிர டெல்டாவுக்கே உரிய காரணங்கள் சில உண்டு. வைக்கோல் இழையும், சாக்குச் சணலும், சாலையில் நெல் மூடும் தார்ப்பாயின் கயிறும் கீழிருந்து ஏறி, புல்லியின் பள்ளத்தில் சிக்கிப் பெல்ட்டை ஒரு வரி தள்ளிவிடும். களஞ்சியம் பக்கத்தில் நிறுத்திய காரில் எலி பெல்ட்டின் ஓரத்தைக் கடித்திருக்கும். கசியும் எஞ்சின் ஆயில் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், இது எல்லா ஊருக்கும் பொது.

வாங்குவது

பெல்ட்டின் முதுகில் 6பிகே1538 என்பது போன்ற ஓர் எண் அச்சாகியிருக்கும். முதல் எண் வரிகளின் எண்ணிக்கை. பிகே என்பது 3.56 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட வரி வகை. கடைசி எண் மில்லிமீட்டரில் நீளம். இந்த மூன்றும் தெரிந்தால் கார் நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டிதான் வேண்டும் என்று சென்னை முகவரிடமிருந்து வரும் வரை நாள்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. கேட்ஸ், கான்டினென்டல், டேகோ, மதுரையில் ஆலையுள்ள ஃபென்னர் போன்ற பெயர்பெற்ற தயாரிப்புகளில் அதே எண் திருச்சி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கக்கூடும். வரிகளின் எண்ணிக்கையில் சமரசமே கூடாது. நீளத்தில் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டை டென்ஷனர் ஏற்றுக்கொள்ளும். பத்து மில்லிமீட்டர் என்றால் நான் மாட்ட மாட்டேன். எண் அழிந்திருந்தால், பழைய பெல்ட்டை நீட்டி வைத்து அளக்காதீர்கள், அது நீண்டிருக்கும். காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஐட்லர் புல்லியில் பேரிங் மட்டும் போயிருந்தால், அதன் விளிம்பில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 17 மில்லிமீட்டர் துளையும் 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கொண்ட 6203 வகை பல கார்களில் இருக்கிறது. மோட்டார்களுக்கு பேரிங் விற்கும் தஞ்சாவூர்க் கடைகளில் அது சாதாரணமாகக் கிடைக்கும் பொருள். இருபுறமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் வகையாக, நல்ல தயாரிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆயினும் புல்லியின் பிளாஸ்டிக் விளிம்பு தேய்ந்திருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண்சிக்கனம்.

காப்பீடு பற்றி ஒரு சொல்: இயந்திரப் பழுதும் தேய்மானமும் வழக்கமான பாலிசியில் சேராது. எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திருந்தாலும், எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு தொடர்ந்து ஓட்டியதால் வந்த சேதத்துக்குப் பணம் வாங்குவது எளிதல்ல.

மாட்டுவது

பெல்ட் இன்னும் இருக்கும் நல்ல நாளிலேயே, அது எந்தப் புல்லியின் மேலும் எதன் கீழும் போகிறது என்பதைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பானெட்டின் அடியில் வழித்தட ஒட்டி உள்ள கார்களும் உண்டு. பழைய கார்களில் அது உரிந்து போயிருக்கும்.

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். சாவி உங்களிடம் இருக்க வேண்டும். சாவி இல்லாமல் பொத்தானில் கிளம்பும் காரானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். டென்ஷனரின் போல்ட்டில் பொருத்தமான சாக்கெட்டை மாட்டி, நீண்ட கைப்பிடியால் மெதுவாகச் சுழற்றினால் ஸ்பிரிங் தளரும். பழைய பாக்ஸ்டர், கேமன், 911 வகைகளில் இதற்கு 24 மில்லிமீட்டர் சாக்கெட் தேவைப்படும், கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும். மற்ற கார்களில் அளவும் திசையும் மாறும். தவறான திசையில் பலம் போட்டால் போல்ட் உடையும் என்பதால், கை கொஞ்சம் எதிர்ப்பை உணர்ந்ததும் நிறுத்தி, புல்லி எந்தப் பக்கம் நகர முயல்கிறது என்று கவனியுங்கள். தளர்ந்த டென்ஷனரைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது. அது அடித்துத் திரும்பும் வேகத்தில் விரல் நசுங்கும், டென்ஷனரும் கெடும்.

பெல்ட்டைக் கிராங்க் புல்லியில் தொடங்கி மற்றப் புல்லிகளில் சுற்றி, எளிதாகக் கை எட்டுகிற, விளிம்பில்லாத வழுக்கைப் புல்லி ஒன்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரியுள்ள பக்கம் வரியுள்ள புல்லிக்கு, முதுகு வழுக்கைப் புல்லிக்கு. ஒருவர் டென்ஷனரைத் தளர்த்திப் பிடிக்க, மற்றொருவர் பெல்ட்டை நழுவவிடுவதே வசதி. தனியாகச் செய்ய முடியும், ஆனால் பொறுமை வேண்டும். டென்ஷனரே இல்லாமல், இழுத்து மாட்டும் நீளும் பெல்ட் உள்ள சில எஞ்சின்களும் இருக்கின்றன. அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் பெல்ட்டின் உள்நார் அறும்.

மாட்டியதும் மகிழ்ச்சியில் கிளப்பிவிடாதீர்கள். புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை இங்கேதான் நேர்கிறது: ஒரு புல்லியில் பெல்ட் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்திருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, கிளப்பிய சில நிமிடத்தில் ஓரவரி பிய்ந்து புதிய பெல்ட்டும் குப்பைக்குப் போகும். டார்ச் விளக்கோடு ஒவ்வொரு புல்லியின் இரு விளிம்பையும் பாருங்கள், கண்ணுக்கு எட்டாத இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையில் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி, மறுபடி பாருங்கள். அதன் பின்னர் பத்து நொடி ஓடவிட்டு அணைத்து, மூன்றாம் முறை பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 12.6-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ தவறு. கூலண்டை உரிய கலவையில் நிரப்பி, காற்று வெளியேற்றி, ரேடியேட்டர் விசிறி ஒரு முறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். பெல்ட் அறுந்தபோது வண்டி மிகவும் சூடாகியிருந்தால் இத்தோடு விட வேண்டாம்: புகைக்குழாயில் வெள்ளைப் புகை நீடிக்கிறதா, ஆயில் மூடியின் அடியில் பால்போலக் குழம்பியிருக்கிறதா, கூலண்ட் தொட்டியில் ஓயாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

கிளப்பும்போது கீச்சிடும் சத்தம் கேட்டால், ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளிப்பானால், கையையும் துணியையும் விலக்கி வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து தெளித்துப் பாருங்கள். சத்தம் சற்றே அடங்கி மீண்டும் வந்தால் புல்லிகள் ஒரே தளத்தில் இல்லை. சத்தம் இன்னும் கூடினால் இழுவிசை போதவில்லை, டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கடையில் விற்கும் பெல்ட் ஸ்பிரே எதையும் அடிக்க வேண்டாம். அது சத்தத்தை மறைத்து, தூசியைப் பிடித்து வைக்கும்.

இனிமேல் பெல்ட்டைப் பார்க்கும்போது விரிசலை மட்டும் தேடாதீர்கள். பழைய நியோப்ரீன் பெல்ட்டுகளில் மூன்று அங்குலத்துக்குள் மூன்று விரிசல் தெரிந்தால் மாற்று என்பார்கள். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் எளிதில் விரிசல் விடுவதில்லை. டயரைப் போலத் தேய்கிறது. வரிகளுக்கு இடையே வி போலக் கூர்மையாக இருந்த பள்ளம் யு போல அகன்றிருந்தால், பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் அதன் காலம் முடிந்துவிட்டது.

மாட்டிய பிறகு முதல் நூறு கிலோமீட்டரை நெடும்பயணமாக வைத்துக்கொள்ளாமல், உதவி எட்டும் சாலையில் ஓட்டுங்கள். தஞ்சாவூரிலிருந்து திருச்சி போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் ஆகிவிடும். வீட்டுக்கு வந்து எஞ்சின் ஆறியதும் மறுபடி டார்ச்சை எடுத்து, பெல்ட்டின் ஓரத்தில் நார் பிரிந்திருக்கிறதா, புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் மட்டும் தடுப்புத் தகட்டையும் விரிப்பையும் பழையபடி திருகி மூடுங்கள். அதுவரை அவை திண்ணையிலேயே கிடக்கட்டும்.